ஐஸ்காரரின் ஒத்திகைச் சாவு

ஐஸ்காரர் ஒரு ஆபத்து என்று கம்பெனி கண்டுபிடித்தபோது அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகியிருந்தது. அதுவரை அவரும் அதைக் கவனிக்கவில்லை.

அவர் ஐஸ் விற்பவர் அல்ல. மருந்துகளைக் குளிரில் வைத்துப் பாதுகாத்து, மருந்துக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிற ஒரு கம்பெனியில் குளிர்சாதன மெக்கானிக். கிடங்கின் பின்பக்கம் பெரிய குளிர் அறை ஒன்று இருந்தது. உள்ளே சர்க்கரை நோயாளிகளுக்கான இன்சுலின், குழந்தைகளுக்கான தடுப்பூசி, கண் சொட்டு மருந்து என்று அடுக்கடுக்காகப் பெட்டிகள். அறையின் குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது. அந்த ஆறு டிகிரிக்குள்தான் அவருடைய இருபத்திரண்டு வருடமும் ஓடியிருந்தது.

அறையைக் குளிரவைக்க வெளியே இரண்டு மெஷின்கள். ஒன்று ஓடும், மற்றது அதற்கு ஏதாவது ஆனால் ஓடுவதற்காகக் காத்திருக்கும். காத்திருந்த மெஷினின் விசிறி மோட்டார் எட்டு மாதத்துக்கு முன்பே எரிந்துபோயிருந்தது. புது மோட்டார் கேட்டு ஐஸ்காரர் ஏழு கடிதம் எழுதினார். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது. ஓடாமல் சும்மா நிற்கிற மெஷினுக்கு மோட்டார் எதற்கு என்று அதில் கேட்டிருந்தார்கள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு இரண்டாவது கடிதத்தை எழுதினார்.

நிலைமை இப்படியிருக்க, ஒருநாள் மதியம் கரண்ட் போனது. கிடங்கில் ஐஸ்காரர் ஒன்றரை நிமிடத்தில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முன்பக்கத்து அலுவலகக் கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நிர்வாக இயக்குநரும் வெளியூரிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் இருவரும் நாற்பது நிமிடம் நின்றார்கள். கிடங்கில் ஒன்றும் நடக்கவில்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்ப்பதற்கு எந்தக் கம்பெனியிலும் ஆள் கிடையாது.

அடுத்த வாரம் எல்லோரையும் கூட்டிவைத்து இயக்குநர் பேசினார்.

"அந்த நாப்பது நிமிஷமும் நான் ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சேன். நான் இல்லாம கம்பெனி எப்படி ஓடும்? வெளிய வந்து பாத்தேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்கு ரொம்பக் கவலையா இருந்தது."

அந்தக் கவலையில் பிறந்ததுதான் தாங்குதிறன் துறை. என்ன இடி விழுந்தாலும் கம்பெனி நிற்காமல் ஓட வழி செய்வது அதன் வேலை. துறைக்குப் பதினோரு பேர், மூன்றாவது மாடியில் ஒரு கூடம், ஆபத்துக் காலத்திலும் தலை சூடாகாமல் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு ராட்சத ஏசி. துறைத் தலைவராக வந்தவரைப் பின்னால் எல்லோரும் தாங்கி என்று சொல்வார்கள். அவர் அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இதே வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதைப் பற்றி யாராவது இழுத்தால் தாங்கி கூச்சப்படமாட்டார். மூடியது உண்மை, ஆனால் கடைசிநாள் வரைக்கும் எல்லாம் திட்டப்படி நடந்தது என்பார்.

துறை முதல் மூன்று மாதம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. ஐஸ்காரரின் முறை வந்தபோது தாங்கியே நேரில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"வருவேன் சார்."

"வீட்ல ஏதாவது அவசரம்னா?"

"முடிச்சிட்டு வருவேன்."

"சரி, நீங்க இறந்துட்டீங்கன்னு வெச்சுக்குவோம்."

ஐஸ்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவசரப்பட்டு ஏதாவது சொல்லிவிடக் கூடாது என்று பட்டது.

"அன்னிக்கு வர்றது கஷ்டம் சார்."

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார்கள். கம்பெனியின் அத்தனை வேலைகளும் அதில் கட்டம் கட்டமாக இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஓர் அம்பு கிளம்பி, சுற்றி வளைத்து, கடைசியில் ஒரே சிவப்பு வட்டத்தில் வந்து குத்தியது. வட்டத்துக்குள் ஐஸ்காரரின் பணியாளர் எண் இருந்தது. கம்பெனி முழுவதும் ஒரே ஆளை நம்பித் தொங்குகிறது, இது மிகப் பெரிய ஆபத்து என்று தாங்கி விளக்கினார். கூடியிருந்தவர்கள் திரும்பி ஐஸ்காரரைப் பார்த்தார்கள். கூட்டத்தில் பாம்பைப் பார்த்தவர் போல ஒருவர் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி ஒரு சலவைக் கடையில் துணி தைத்துத் திருத்திக் கொடுப்பவள், எதையும் அளவெடுத்துத்தான் பேசுவாள். நீங்கள்தான் எல்லாம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள் என்றால் நல்லதுதானே, இனி மோட்டார் வாங்கித் தருவார்கள், கூட இன்னொரு மெக்கானிக்கும் போடுவார்கள் என்றாள். ஐஸ்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது. எட்டாவது கடிதம் எழுதவில்லை.

மெக்கானிக் வரவில்லை. கையேடு எழுதுகிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஐஸ்காரரின் தலைக்குள் இருப்பதையெல்லாம் இறக்கிப் புத்தகமாக்கிவிட்டால் அப்புறம் அவர் தேவையில்லை என்பது திட்டம். அவர் பின்னாலேயே ஐந்து வாரம் நடந்தார்கள். காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சத்தத்தைக் கேட்பேன் என்றார். எந்தச் சத்தத்தை என்றார்கள். மாறியிருக்கிற சத்தத்தை என்றார். ‘செவிவழிச் சமிக்ஞைகள் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்படும்’ என்று எழுதிக்கொண்டார்கள். குழாயில் கை வைத்துப் பார்ப்பேன் என்றார். கையேட்டில் கை என்ற சொல் வரக்கூடாது என்பதால் அது ‘அங்கீகரிக்கப்பட்ட உணர்கருவி’ ஆயிற்று. மோட்டார் எரிந்தால் வேறு மோட்டார் போட வேண்டும், அது இங்கே இல்லை என்பதையும் சொன்னார். அது வாங்குதல் துறையின் கையேட்டில் வர வேண்டிய சங்கதி என்று விட்டுவிட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில், தங்க எழுத்து பொறித்த அட்டையோடு புத்தகம் வந்தது. ஐஸ்காரருக்கு ஒரு பிரதி தரவில்லை. அது அவர் இல்லாத சமயத்துக்கானது.

புத்தகம் இருந்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் தாங்கி. அப்படித்தான் ஒத்திகை முடிவாயிற்று. மூன்று நாள் ஐஸ்காரர் இறந்துவிட்டதாகக் கருதப்படும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. கம்பெனி அவரில்லாமல் எப்படித் தாங்குகிறது என்று துறை குறிப்பெடுக்கும். அந்த மூன்று நாளும் லீவு போட்டுக்கொள்ளட்டுமா என்று ஐஸ்காரர் கேட்டார். லீவு வேறு, இறப்பு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

கிடங்கின் ஓரத்தில் கண்ணாடி அறை ஒன்று காலியாக இருந்தது. அதில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அவர் யாரோடும் பேசக்கூடாது, யாரும் அவரோடு பேசக்கூடாது. வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பார்வையாளர் நின்றார். முதல் நாள் பத்தேகாலுக்கு இரங்கல் கூட்டம். அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். அதில் அவர் தும்மலுக்கு முந்தின கணத்தில் இருந்தார். அன்னார் நம்மோடு இன்று இல்லை, ஆனால் அவருடைய நடைமுறைகள் இருக்கின்றன என்று தாங்கி வாசித்தார். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்திருந்தால் தப்பாகிவிடுமோ என்று உள்ளே ஐஸ்காரரும் எழுந்து நின்றார்.

குடும்பத்துக்குத் தகவல் சொல்லும் பயிற்சியும் ஒத்திகையில் ஒரு பகுதி. பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் அவர் மனைவிக்குப் போன் செய்து, ஒத்திகைக்காக உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று பக்குவமாகச் சொன்னாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவார் என்று மனைவி கேட்டாள். ஐந்தரைக்கு விட்டுவிடுவோம், அதற்கு முன்னால் நீங்கள் வந்து சில தாள்களில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

மனைவி ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகக் கடையில் சொல்லிவிட்டு, அவர் காலையில் மறந்துவிட்டுப் போயிருந்த சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பதினான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தாங்கி ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். அவள் டப்பாவைக் காட்டி இதைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். இரண்டு பேர் கையேட்டைப் புரட்டினார்கள். இறந்தவருக்கு மதியச் சாப்பாடு பற்றி அதில் ஒன்றுமில்லை. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கை அசைக்கலாமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது, அசைக்கவில்லை.

ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

"விளையாட்டுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். ஆனா எட்டாவது கையெழுத்துல என் பேரையே தப்பா எழுதிட்டேங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியல. நாற்காலி மட்டும் கொஞ்சம் குட்டை" என்றார் அவர்.

அது பொய்யில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. குளிர் அறையில் வெகுநேரம் நின்றால் முதலில் விரல் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். வலி போனதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்வதுண்டு.

இரண்டாம் நாள் மதியம் ஒன்றேகாலுக்குச் சத்தம் மாறியது. கண்ணாடி அறைக்குள்ளிருந்தே அவருக்குக் கேட்டது. ஓடிக்கொண்டிருந்த மெஷினின் விசிறி இழுத்து இழுத்துச் சுற்றிப் பிறகு நின்றது. விசிறி நின்றால் சூடு வெளியே போகாது, மெஷின் தானாகவே அணைந்துவிடும். அணைந்தது. அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் கத்த ஆரம்பித்தது.

துறை முழுவதும் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்தது. தாங்கியின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை யாரும் பார்த்ததில்லை. ஒத்திகைக்கு நடுவில் நிஜமான கோளாறு வருவது எங்கேயும் கிடைக்காத பாக்கியம், யாரும் பதற்றப்பட்டு இதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். கையேட்டைத் திறந்தார்கள். மெஷின் நின்றால் முதல் படி, ‘பொறுப்பாளருக்குத் தகவல் தெரிவிக்கவும்.’ பொறுப்பாளர் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் படி, ‘பொறுப்பாளர் இல்லாத பட்சத்தில் முதல் படியைப் பார்க்கவும்.’

அப்புறம் அறையின் நிலவரத்தை நேரில் பதிவுசெய்ய ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். பதினோரு பேர், பதினோரு தடவை கதவு திறந்தது. நான்கு டிகிரியில் இருந்த வெப்பமானி முள் இரண்டேகாலுக்கு ஆறைத் தாண்டியது. அதை ஒரு பலகையில் வரைகோடாக வரைந்தார்கள். கோடு அழகாக ஏறியது.

கிடங்கின் சரக்குப் பொறுப்பில் இருந்தவளை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்பார்கள். மருந்தை எண்ணி வாங்கி எண்ணி அனுப்புகிறவள். அவள் தாங்கியிடம் போய், ஒரே ஒரு வார்த்தை அவரைக் கேட்டுவிடட்டுமா என்று கெஞ்சினாள். இறந்தவரிடம் எப்படிம்மா கேட்பீர்கள் என்றார் அவர். அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அஞ்சலி செலுத்தலாமா என்று கேட்டாள். கையேட்டில் அதற்கு இடம் இருந்தது.

அவள் கண்ணாடி முன்னால் வந்து, தும்மப்போகிற படத்துக்கு எதிரே நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அண்ணே, இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே. வெளி மெஷின் விசிறி நின்னு போச்சே. கையால சுத்தினாலும் அசைய மாட்டேங்குதே. கருகின வாசனை அடிக்குதே. ஆறரை ஆயிருச்சே அண்ணே. நாளைக்குக் குழந்தைங்களுக்குப் போட வேண்டிய ஊசி நாப்பது பெட்டி உள்ள கிடக்குதே, நான் யாருகிட்ட போயி சொல்லுவேன்."

வாசலில் நின்ற பார்வையாளர், ஊழியர்களிடையே துக்கம் இயல்பான அளவில் உள்ளது என்று குறித்துக்கொண்டார்.

ஐஸ்காரர் எழுந்தார். கோபமோ வீறாப்போ ஒன்றுமில்லை, பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தவர் எழுகிற மாதிரிதான் எழுந்தார். பார்வையாளர் கதவை மறித்தார்.

"சார், நீங்க இறந்திருக்கீங்க."

"தெரியும் தம்பி. அரை மணி நேரம்."

கருவிப் பையை எடுத்துக்கொண்டு மெஷினைப் போய்ப் பார்த்தார். மோட்டார் வெந்து போயிருந்தது. காத்திருக்கும் மெஷினிலும் மோட்டார் இல்லை. கடையில் போய் வாங்கி வருவதற்குள் முள் பத்தைத் தொட்டுவிடும். அவர் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு அலுவலகக் கட்டடத்துக்குப் போய்ப் படியேறி மொட்டை மாடிக்குச் சென்றார். அங்கே தாங்குதிறன் துறையின் ராட்சத ஏசியின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறி மோட்டாரும் இதே அளவு. ஏசியை நிறுத்தி, நான்கு போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

தாங்கி கையேட்டோடு மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். ஆனால் அவரே போட்ட விதிப்படி அவர் ஐஸ்காரரோடு பேச முடியாது. அதனால் பின்னாலேயே வந்த பார்வையாளரிடம் பேசினார்.

"அவர யாரும் பாக்கலன்னு எழுதிக்குங்க."

ஏழு புள்ளி ஆறில் மெஷின் மறுபடியும் ஓடியது. முள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று யோசித்துவிட்டு இறங்கியது. மருந்து ஒரு பெட்டிகூடக் கெடவில்லை. ஐஸ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்தார். ஐந்தரை ஆக இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது.

மூன்றாவது மாடியில் கூடம் சூடேறியது. நான்கு மணிக்குத் தாங்கி, கம்பெனி வரலாற்றில் முதல் முறையாக, அவசர நிலையை அறிவித்தார். துறையின் செயல்பாடு பாதிக்கப்பட்டால் மாற்று இடத்துக்குப் போக வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. மாற்று இடம் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரை விடுதி. பதினோரு பேரும் இருபது நிமிடத்தில் வண்டியேறினார்கள். அந்த வேகம் பிறகு ஆண்டறிக்கையில் தனியாகப் பாராட்டப்பட்டது. ஏசி சரியாவதற்கு நான்கு நாளாயிற்று, அதுவரை அங்கேயே தாங்கினார்கள்.

திரும்பி வந்ததும் ஆய்வுக் கூட்டம் நடந்தது. இயக்குநரும் வந்திருந்தார். தாங்கி வருத்தத்தோடுதான் பேசினார்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்திருந்தா, நம்மால தாங்க முடியுமா முடியாதான்னு நமக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த அறிவை இவர் நம்மகிட்ட இருந்து பறிச்சிட்டார். மருந்து காப்பாத்தப்பட்டது, மறுக்கல. ஆனா அது யாரால காப்பாத்தப்பட்டது? இல்லாத ஒருத்தரால. இத நான் எந்தக் கட்டத்துல எழுதுவேன்?"

இயக்குநர் தலையை ஆட்டினார். தனி மனிதர்கள் இப்படிக் குறுக்கே வந்துகொண்டிருந்தால் ஒரு நிறுவனம் எப்போதுதான் தன் காலில் நிற்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கை தட்டினார்கள். ஸ்டோர் அக்காவும் தட்டினாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஐஸ்காரருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. முன் அனுமதியின்றி இறந்த நிலையிலிருந்து எழுந்தது ஒரு குற்றம். பிற துறையின் உடைமையைக் கழற்றியது இன்னொன்று. அவர் இரண்டு வரியில் பதில் எழுதினார். ‘மருந்து கெட்டுவிடும் என்பதால் எழுந்தேன். இனி எழுந்திருக்க மாட்டேன்.’

பதில் திருப்தியாக இருந்ததால் தண்டனை எதுவுமில்லை என்றார்கள். ஒத்திகையை மட்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்தத் தடவை குறுக்கீடு இருக்கக் கூடாது என்பதால் அவர் வீட்டிலிருந்தே இறந்திருக்கலாம். எப்போது முடியும் என்று கேட்டார். முடிந்ததும் தகவல் வரும் என்றார்கள்.

ஆறு வாரம் வீட்டில் இருந்தார். குளிர் அறை அந்த ஆறு வாரமும் ஒழுங்காக ஓடியது, அவர் மாட்டிவிட்டு வந்த மோட்டாரில். அதைக் கண்டு துறை ஒத்திகை வெற்றி என்று அறிவித்தது. கம்பெனி எந்தத் தனி ஆளையும் நம்பி இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. நிரூபணமான பிறகு அந்த ஆளை வைத்துக்கொண்டிருப்பது தர்க்கத்துக்குப் பொருந்தவில்லை. தகவல் வந்தது.

கடிதத்தை மனைவிதான் படித்தாள். படித்துவிட்டு ஊசியையும் நூலையும் கீழே வைத்தாள்.

"இருபத்திரண்டு வருசம். உங்களுக்குக் கோவமே வரலையா?"

அவர் உள்ளுக்குள் தேடிப் பார்த்தார்.

"வந்தா சொல்றேன்" என்றார்.

மூன்றாவது மாதம், கம்பெனி ஒரு சான்றிதழ் வாங்கியது. எந்த அடியையும் தாங்கும் நிறுவனம் என்று பொறித்த கண்ணாடிப் பலகையோடு இயக்குநரும் தாங்கியும் சிரித்தபடி நிற்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதே வாரத்தில் மெஷின் முனக ஆரம்பித்தது. கையேட்டின் எந்தப் பக்கத்திலும் முனகல் இல்லை. ஆள் போட்டால் மறுபடியும் ஓர் ஆளை நம்ப வேண்டிவரும் என்பதால், குளிர் அறைப் பராமரிப்பை மொத்தமாக ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அந்த வெளி நிறுவனம் என்பது ஒரு மேஜை, இரண்டு போன், ஒரு முதலாளி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த முதலாளி, இந்த மாதிரிப் பழைய மெஷின் தெரிந்த மெக்கானிக் யாராவது இந்த ஊரில் இருக்கிறாரா என்று கடை கடையாக விசாரித்தார். மூன்று கடையில் ஒரே ஆளைச் சொன்னார்கள்.

சம்பளம் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. ஐஸ்காரர் சரி என்றார்.

திங்கட்கிழமை காலை, முதுகில் வேறொரு பெயர் அச்சடித்த சட்டையோடு கிடங்குக்குப் போனார். வாசலில் காவலர் அவரைப் பார்த்து எழுந்து, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்து, பார்வையாளர் பதிவேட்டைத் தள்ளினார். யாரைப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டார். உள்ளே போனதும் தாங்கி எதிரே வந்தார். அவரை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கை குலுக்கினார். வெளி நிறுவனங்களின் பங்களிப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளிர் அறை வாசலில் ஸ்டோர் அக்கா பெட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"அண்ணே" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உயிரோட வந்துட்டீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. ஆனா வேற கம்பெனி சார்பா."

அவள் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் கனத்த கதவை இழுத்துத் திறந்து உள்ளே போய், குளிர் வீணாகாமல் உடனே சாத்திக்கொண்டார்.